லேத்துல கடைஞ்சதும் கடையில வாங்குனதும்

காங்கயம், வெள்ளகோயில், ஊதியூர் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டறவனுக்கு எதிரி மேடும் இல்ல பள்ளமும் இல்லீங்க, முள்ளுதான். தை, மாசி ரெண்டு மாசமும் வெள்ளன எந்திரிச்சு ஒண்ணு சைக்கிளு, இல்லைன்னா கரட்டுல கவுறு போட்டு ஏறறதுன்னு நாங்க அஞ்சாறு பேரு ஒட்டுக்கா சுத்துனோம். சுத்துனது பாதின்னா மீதிப் பாதி பட்டறையில. அந்தப் பட்டறை வேலைய மட்டும் இங்க எழுதி வெக்கறேன், அடுத்த சீசனுக்கு எங்களுக்கே ஒதவும், இதே பக்கம் ஓட்டறவங்களுக்கும் ஒதவும்.

ஆளுங்க யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். கோயமுத்தூரு கணபதியில ஜாப் ஒர்க் பட்டறை வெச்சிருக்கற லேத்து மாப்ள, பெருந்துறையில ஸ்கூல் டீச்சரா இருக்கற அக்கா (பாதாமி, ஹம்பி எல்லாம் போய் ஏறுனவங்க, எங்க குரூப்புல பாறைக்கு அவங்கதான் வாத்தியாரு), பனியன் கம்பெனித் தம்பி ஒருத்தன், கரடு வெச்சிருக்கற பங்காளி, அப்பறம் தறிக்காரன் நானு.

மொதல்ல முள்ளு. இங்க கொறங்காடு ஜாஸ்தி. மாடு மேயற பூமி, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள அங்கங்க வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. ரெண்டு வேலிக்கு நடுவால போற இட்டேரிதான் எங்களுக்கு டிராக்கு. ஹேண்டில்பார் ரெண்டு பக்கமும் வேலிய ஒரசும், வளைஞ்சு வளைஞ்சு போறப்ப இருக்கற சொகம் ரோட்டுல எங்கயும் கெடைக்காது, ஆனா வேலி வெட்டி விட்ட வாரம் போனீங்கன்னா தடம் முச்சூடும் முள்ளு. வெள்வேல முள்ளு நேரா எறங்கும், சீமைக்கருவேல முள்ளு டியூபோட அந்தப் பக்கத்தையும் ஓட்டை போட்டுட்டுத்தான் நிக்கும், சரி இதெல்லாம் கண்ணுல பாத்து ஒதுங்கிக்கலாம்னு வைங்க. நெருஞ்சிக்கு என்ன பண்ணுவீங்க? காய் காஞ்சா அஞ்சு துண்டா ஒடையும், ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு பெரிய முள்ளு, எப்படி விழுந்தாலும் ஒண்ணு மேல பாத்துத்தான் நிக்கும். அமெரிக்காவுல மேக்கு மாகாணத்துச் சைக்கிள்காரங்க திட்டித் தீக்கறதும் இதே செடியத்தான், அதுல ஒரு அல்ப சந்தோசம்.

அதனால சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் டியூப்லெஸ்ஸா மாத்திட்டோம். ரிம் டேப்பு, டியூப்லெஸ் வால்வு, ஓட்டைய அடைக்கற சீலண்ட்டுங்கற வெள்ளைப் பாலு, சாமான் இவ்வளவுதான். சூட்சுமம் டேப்புலதான் இருக்குது. ரிம்முல எண்ணெப்பசை துளி இல்லாம தொடைச்சுக் காயவெச்சு, டேப்ப விறைப்பா இழுத்துப் புடிச்சே ஒட்டிட்டு வரோணும், ஆரம்பிச்ச எடத்தத் தாண்டி இன்னொரு சாண் ஒட்டி முடிக்கோணும். பனியன் கம்பெனித் தம்பி காசு மிச்சம்னு கரண்டு வேலைக்குச் சுத்தற டேப்பச் சுத்துனான். ரெண்டு நாள் வெயில்ல நிறுத்துனதும் பசை எளகி டேப்பு ஓரமா நகந்து, ஸ்போக் நிப்பிள் வழியா பாலு ஒழுகி, சைக்கிளுக்கு அடியில வெள்ளைக் கோலம்.

டயர ரிம்முல ஒக்கார வெக்கறதுக்கு கைப்பம்பு பத்தாது. வால்வுக்குள்ள இருக்கற கோர கழட்டிட்டு, டயர் ஓரத்துல சோப்புத் தண்ணி தடவிட்டு, லாரி பஞ்சர் கடைக்குக் கொண்டு போனோம். கம்ப்ரசர் காத்து ஒரே மூச்சுல உள்ள போனாத்தான் டயர் எகிறி ரிம்மப் புடிக்கும், டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம் கேக்கும், அதுக்கப்பறம் சீலண்ட்ட வால்வு வழியாவே ஊத்திக்கலாம். பஞ்சர் கடை அண்ணன் "டியூபும் போடாம பாலும் ஊத்தறீங்க, சைக்கிளுக்குச் சாமி கும்படறீங்களா"ன்னு கேட்டாரு. அது ரப்பர் பாலுதானுங்க, கெட்டியாகாம இருக்கறதுக்கு அம்மோனியா கலந்திருக்கும், அந்த வாடை அதுதான். ஓட்டை வழியா காத்தோட வெளிய வர்றப்ப அங்கயே ஒறஞ்சு அடைச்சுக்கும். 29 இஞ்சு டயருக்கு 100 எம்எல்ல இருந்து 120 எம்எல் வரைக்கும் ஊத்துனோம். நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல உள்ள காஞ்சு ரப்பர் உருண்டையா கெடக்கும், சக்கரத்தக் கழட்டி காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்தா சளக்குன்னு கேக்கோணும், கேக்கலைன்னா ஊத்தற நேரம் வந்துருச்சு.

காத்தும் கொறைச்சே வெக்கலாம். டியூபு இருந்தா 35 பிஎஸ்ஐ வெக்கற எடத்துல இப்ப 25 போதும், கல்லு மேல டயர் அமுங்கிப் போகுது, கையும் வலிக்கறதில்ல. பெரிய ஓட்டை விழுந்தா மோட்டார் பைக்கு டியூப்லெஸ்ஸுக்குப் போடற சரடையே நீளவாக்குல பாதியாக் கிழிச்சுச் சொருகிட்டோம். இதுக்குன்னு தனி கிட்டு விக்கறாங்க, வேண்டியதில்லீங்க.

அடுத்தது ஹேங்கரு. பின்னாடி கியர் மாத்தற டிரைலர் பிரேம்ல தொங்கறது ஒரு சின்ன அலுமினியக் காதுலதான். சென்னிமலைக்குத் தெக்கால ஒரு காஞ்ச பள்ளத்துல எறங்கறப்ப பங்காளியோட சைக்கிள் கல்லுல மோதி அந்தக் காது உள்பக்கமா வளைஞ்சு போச்சு. வளைஞ்சதோட மேட்டுல கடைசி கியருக்குப் போட்டா டிரைலர் ஸ்போக்குக்குள்ள போகும், சக்கரமும் போயிரும் டிரைலரும் போயிரும். கடையில கேட்டா அந்த மாடலுக்கு ஸ்டாக்கு இல்ல, வெளிநாட்டுல இருந்து வரோணும், சீசன் முடிஞ்சு வரும்ங்கறாங்க. லேத்து மாப்ளைக்கு இதைக் கேட்டதும் மூஞ்சி பிரகாசமாயிருச்சு.

வளைஞ்ச காத பெஞ்சு வைஸுல மெதுவா நிமித்தி, வெர்னியர்ல அளந்து, போல்ட்டு ஓட்டைங்க சென்டர் எல்லாம் பேப்பர்ல வரைஞ்சுட்டாரு. அப்பறம் சொன்னாரு, "ஈஎன்8 இரும்பு பிளேட்டு கெடக்குது, அதுல அடிச்சுத் தரேன் மச்சா, ஜென்மத்துக்கும் வளையாது." அங்கதான் நான் வேண்டாம்னேன். அது வளையறதுக்குன்னே வெச்ச காது. இரும்புல போட்டா அடி வாங்கறப்ப காது நிக்கும், டிரைலர் ஒடையும், அதுவும் நின்னுதுன்னா பிரேமே விரிசல் விடும். மலிவான சாமான் முன்னாடி போகோணும், அதுதான் கணக்கு. மாப்ளைக்கு அது புடிக்கவே இல்ல, ஆயுசு பூரா தேயாத சாமான் செஞ்சு குடுக்கற மனுசன்கிட்ட ஒடையற மாதிரி செய்யச் சொன்னா எப்படி இருக்கும். கடைசில 6061 அலுமினியத்துல விஎம்சிங்கற கம்ப்யூட்டர் கடைசல் மிசின்ல போட்டு எடுத்தாரு. டிரைலர் போல்ட்டு மரை பத்து எம்எம், பிட்ச்சு 1 எம்எம். பட்டறைங்கள்ல சாதாரணமா கையில இருக்கறது ஒன்றரை பிட்ச்சு டேப்பு, அவசரத்துல அத விட்டுட்டா சாமான் வீணு, ஒரு பிட்ச்சு டேப்பு தேடி எடுத்துட்டு வந்து விட்டாரு.

மாட்டுனதுக்கப்பறம் நேரா இருக்குதான்னு பாக்கறதுக்கு ஒரு பழைய வித்தை இருக்குது. குயிக் ரிலீஸ் பின்சக்கரத்து ஆக்சிலும் அதே பத்து எம்எம், ஒரு பிட்ச்சு மரைதான். ஸ்பேர் சக்கரம் ஒண்ண ஆக்சிலோட அந்தக் காதுலயே திருகி மாட்டிட்டா, சைக்கிள்ல இருக்கற சக்கரமும் இதுவும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ரெண்டு ரிம்முக்கும் நடுவால மேல, கீழ, முன்னால, பின்னால அளந்து பாத்து ஒரே இடைவெளி வர்ற வரைக்கும் கையாலயே லேசா வளைச்சுக்கலாம். தனியா கேஜு வாங்கத் தேவையில்ல. ஒண்ணுக்கு நாலா அடிச்சு வெச்சுட்டாரு, இன்னும் மூணு பட்டறை டப்பாவுல கெடக்குது.

பிரேக்கு கொல்லிமலையில பேசுச்சு. 70 கொண்டை ஊசி, எறங்கறப்ப முச்சூடும் பிரேக்க புடிச்சுட்டே வந்த தம்பிக்கு பாதியில லீவரு ஹேண்டில்பார் வரைக்கும் போயிருச்சு. 1976ல கலிபோர்னியாவுல மலைச் சைக்கிள் ரேஸு தொடங்குன எறக்கத்துலயும் இதே கதைதான், பெடல பின்னாடி மிதிச்சாப் புடிக்கற பழைய கோஸ்டர் பிரேக்கு ஹப்பு சூட்டுல கிரீஸ் முழுசும் பொகையாப் போயி ஒவ்வொரு எறக்கத்துக்கும் திருப்பி கிரீஸ் அடைக்கறதே வேலையா இருந்துச்சாம். இப்ப டிஸ்க்கு, ஆனா எண்ணெயில காத்துக் குமிழி இருந்தா சூட்டுல விரிஞ்சு லீவரு பஞ்சாட்டம் ஆயிரும். மெடிக்கல் ஷாப்புல ரெண்டு 20 எம்எல் சிரிஞ்சு, ட்ரிப்பு போடற டியூபு வாங்கி, கீழ காலிப்பர்ல இருந்து மேல லீவருக்கு எண்ணெய தள்ளி காத்த எடுத்தோம். ஒண்ணே ஒண்ணு, எந்த எண்ணெய்னு பாத்து ஊத்தோணும். மினரல் ஆயில் பிரேக்குல கார் பிரேக் ஆயில ஊத்துனா உள்ள இருக்கற சீலு உப்பிப் போயிரும், மாத்தி ஊத்துனாலும் அதே கேடுதான்.

இது வரைக்கும் எல்லாமே லேத்து, பஞ்சர் கடை, மெடிக்கல் ஷாப்புலயே முடிஞ்சுது. பாறைக்கு வந்ததும் சட்டம் மாறுது.

எடத்துல இருந்தே தொடங்கறேன். சங்ககிரி கோட்டை, நாமக்கல் கோட்டைப் பாறைய பாக்கறப்ப கை அரிக்கும், வாஸ்தவம். ஆனா ரெண்டும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குது, அங்க டிரில்ல எடுத்தா 1958 சட்டப்படி குத்தம், சட்டம் இல்லைன்னாலும் எடுக்கக்கூடாது. ஊதியூர் மலை காப்புக்காடு, வனத்துறைய கேக்காம நொழையற எடமில்ல. அரச்சலூர் நாகமலையில தமிழி எழுத்துல தாளத்துக்கான அசைகள பாறையில வெட்டி வெச்சிருக்காங்க, இந்த சீமையில எந்தப் பாறையில என்ன இருக்கும்னு தெரியாது, அதனால புடி வழுக்காம இருக்க கையில மெக்னீசியம் மாவு தடவறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பாத்துடறது. பெருந்தேனீ அடை இருந்தா அந்தப் பக்கமே போறதில்ல. கடைசில பங்காளியோட அப்பச்சி பேருல பட்டா இருக்கற கரட்டுலயே ஏறலாம்னு முடிவாச்சு.

பாறைய பாக்கறதுக்கு கல்லுக்கால் ஒடைக்கற ஒரு பெரியவர கூட்டிட்டு வந்தோம். வேலிக்கு நடற கல்லுக்கால இந்தப் பக்கம் பாறையில இருந்து நீள நீளமாப் பொளந்து எடுப்பாங்க, பாறை எங்க பிரியும்னு அவருக்குக் கைப்பழக்கம். சுத்தியல்ல தட்டிட்டே நடந்தாரு. ணங்குன்னு கேட்டா அடி வரைக்கும் ஒரே கல்லு, டொப்புன்னு கேட்டா மேல ஒரு ஏடு பிரிஞ்சு நிக்குது. வெயில்ல சூடாயி ராத்திரில குளுந்து வருசக்கணக்கா இப்படி ஏடு ஏடா உரியும். நாங்க மேல ரெண்டு போல்ட்டு போடலாம்னு சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருந்த எடத்தத் தட்டிப் பாத்து "இங்க வேண்டாங்க சாமி"ன்னுட்டு, பத்தடி தள்ளி ஒரு எடத்தக் காமிச்சாரு. எந்தப் பாடப்புஸ்தகத்தையும் விட அந்தச் சுத்தியல் மேல எனக்கு நம்பிக்கை.

இப்ப போல்ட்டு. பாறையில ஓட்டை போட்டு ஒரு விரியற போல்ட்டு, அதோட ஒரு தகடு, தகட்டு ஓட்டையில கவுறு மாட்டற கொக்கி, அதுதான் கராபினரு. மாப்ள சிரிச்சாரு. "ஏனுங்க்கா, 6 எம்எம் தகடு, ரெண்டு ஓட்டை, ஒரு பெண்டு, இதுக்கா இத்தன காசு? ஒண்ணு வாங்கற காசுக்கு இருபது அடிச்சுத் தரேன்." சொன்னதோட நிக்கல, ஒண்ண அடிச்சே எடுத்துட்டு வந்துட்டாரு, தெரிஞ்ச லேபுல யூடிஎம் மிசின்ல போட்டு இழுத்தும் பாத்துட்டாரு. 25 கிலோநியூட்டனத் தாண்டித்தான் பிஞ்சுது, அதாவது ரெண்டரை டன்னு. ஐரோப்பியத் தரம் ஈஎன் 959 பக்கவாட்டு இழுப்புக்குக் கேக்கறதும் அதே 25தான், வெளிய புடுங்கற இழுப்புக்கு 15.

டீச்சரக்கா அந்தப் பிஞ்ச தகட கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா தாங்குன பீஸு இதா பிஞ்சு போச்சு, பாறையில மாட்டப்போறது வேற பீஸுல்ல?"

மாப்ளைக்கு சுருக்குன்னு பட்டுருச்சு. அவரே கம்பெனிங்களுக்கு சாமான் அனுப்பறப்ப எந்த லாட்டு, எந்த ஹீட்டு நம்பரு, டெஸ்ட்டு சர்டிபிகேட்டு எங்கன்னு கேக்காம மெட்டீரியல உள்ள எடுக்க மாட்டாரு. தகட்ட வளைக்கறப்ப மூலை ரொம்பக் கூர்மையா போச்சுன்னா உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ஓட்டை ஓரத்துல பிசிறு இருந்தா கராபினர அரிக்கும், சாதா இரும்புத் தகட்ட ஸ்டெயின்லெஸ் போல்ட்டுல மாட்டுனா மழைத்தண்ணி பட்டுத் தகட்டுக்குப் பின்னாடி துரு புடிக்கும், முன்னாடி பாத்தா பளபளன்னுதான் இருக்கும். இதெல்லாம் சரிபண்ண முடியாததில்ல, எல்லாம் சரிபண்ணி ஒவ்வொரு லாட்டுக்கும் டெஸ்ட்டு பண்ணா கடை வெலையே வந்துரும். கடையிலயே வாங்கிட்டோம். 316 ஸ்டெயின்லெஸ், பத்து எம்எம், ரெண்டே ரெண்டு.

ஓட்டை போடறப்ப சைக்கிள் ஒதவுச்சு. பேட்டரி ஹேமர் டிரில்ல போட்டதும் ஓட்டைக்குள்ள மாவாட்டம் தூசி நிக்கும், அது இருந்தா போல்ட்டு விரியாது, வழுக்கும். சின்ன பிரஸ்ஸ விட்டுச் சொரண்டி, சைக்கிள் பம்புல சின்ன டியூப மாட்டி ஊதி, மறுக்கா சொரண்டி ஊதி, தூசி வராம நிக்கற வரைக்கும் அதே வேலை. ரெண்டு போல்ட்டையும் சிலிங்குங்கற நாடாவுல சேக்கறப்ப நடுவால வர்ற கோணம் 60 டிகிரிக்குள்ள இருக்கோணும்னு அக்கா கண்டிப்பு. 120க்குப் போச்சுன்னா ஒவ்வொரு போல்ட்டுலயும் முழு பாரமும் விழும், அப்பறம் ரெண்டு போட்டதுல என்ன பிரயோசனம்.

அப்பச்சி தெனமும் கட்டல்ல ஒக்காந்து பாத்துட்டே இருந்தவரு, ஒரு நாள் கேட்டாரு. "ஏங் கண்ணு, போர் மோட்டார தூக்கற கவுறு அத்தன மொத்தத்துல அட்டாலில கெடக்குது, அத உட்டுப்போட்டு இந்த மெல்லிசுக் கவுத்துக்கு எதுக்கு இத்தன காசு?"

நல்ல கேள்விதானுங்க. மோட்டாரு மேல இருந்து விழறதில்ல, மெதுவா தொங்குது, அதுக்கு இழுவாத கவுறுதான் வேணும். மனுசன் விழுவான். இழுவாத கவுத்துல விழுந்தா கவுறு அறாது, இடுப்பு போயிரும். ஏறறதுக்குன்னு இருக்கற கவுறு இழுத்துட்டுப் போயி மெதுவா நிறுத்தும். ஈஎன் 892 தரத்துக்கு 80 கிலோ எடைய கட்டி மோசமான விழுகையா திரும்பத் திரும்ப விட்டுப் பாப்பாங்க, அஞ்சு தடவையாவது அறாம நிக்கோணும், மொத தடவ இழுப்பு 12 கிலோநியூட்டனுக்கு மேல போகக்கூடாது, நீட்சி 40 சதவீதத்துக்குள்ள இருக்கோணும். இதையெல்லாம் என் பாஷையில சொல்லி முடிச்சேன். அப்பச்சி ரோசனை பண்ணிட்டு, "அப்ப இது கெணத்துக்கு ஆகாது, மோட்டாரு தண்ணிக்குள்ள ஊஞ்சல் ஆடும்"னு சொல்லிட்டு வெத்தலைய எடுத்தாரு.

கவுத்துக்கு ரிப்பேருன்னு ஒண்ணு கெடையாது. பராமரிப்பு மட்டும்தான். செம்மண்ணு தூசி உள்ள போனா நூல அறுக்கும், அதனால கீழ தார்ப்பாய் விரிச்சு அது மேலதான் போடறது. அழுக்கானா வெறும் தண்ணியில அலசி நெழல்ல காயப்போடறது. ஒவ்வொரு தடவையும் சுருட்டறப்ப முழு நீளத்தையும் வெரலுக்கு நடுவால விட்டு இழுக்கோணும், எங்கயாவது மெத்துன்னு குழியா தட்டுப்பட்டா, மேலுறை பஞ்சாயி உள்நூலு தெரிஞ்சா, அந்த எடத்துல வெட்டிர வேண்டியதுதான். முனையில இருந்தா வெட்டி மீதிய வெச்சுக்கலாம், ஆனா கவுறு குட்டையாயிருச்சுன்னு எல்லாருக்கும் சொல்லோணும், கடைசி முனையில முடிச்சு போடோணும். நடுவால இருந்தா கவுறே போச்சு. எங்க வீட்டுல அம்மா கவுத்த இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் மாட்டி வெச்சிருந்தாங்க, கெஞ்சி எடம் மாத்துனேன், பேட்டரி ஆசிட்டு ஆவி பட்டாலே நைலான் செத்துரும், பாத்தா ஒண்ணும் தெரியாது. அக்கா பத்து வருசம் ஆன ஹார்னஸ் (இடுப்புல மாட்டற பெல்ட்டு) ஒண்ண கத்திரியில துண்டு துண்டா வெட்டிக் குப்பையில போட்டாங்க, முழுசாப் போட்டா யாராவது எடுத்து மாட்டிக்குவாங்கன்னு.

ரெண்டுக்கும் நடுவால நிக்கற சாமான் ஒண்ணு இருக்குது, கிராஷ் பேடு. கவுறு இல்லாம சின்னப் பாறைங்க ஏறறப்ப கீழ போடற மெத்தை. இத நாங்களே தெச்சோம், பயமில்லாம தெச்சோம், ஏன்னா அமுங்குதா இல்லையான்னு நின்ன எடத்துல குதிச்சே தெரிஞ்சுக்கலாம், கண்ணுக்கு மறைவா ஒண்ணும் இல்ல. மேல கெட்டியான ஈவிஏ ஃபோமு ஒரு இஞ்சு, கீழ மெத்துன்னு பியூ ஃபோமு மூணு இஞ்சு. கெட்டி மேல இருக்கோணும், அதுதான் கால் விழற எடத்துல மட்டும் குழியாகாம பாரத்த பரத்திக் குடுக்கும், மாத்தி வெச்சா குதிகாலு நேரா தரையத் தொட்டுரும். உறைக்கு சங்ககிரியில லாரி தார்ப்பாய் தெக்கற கடைக்குப் போனோம். அந்த அண்ணன் வேலைய நின்னு பாக்கோணும். ஓரத்த ரெண்டு மடிப்பா மடிச்சு, மடிப்புக்குள்ள ஒரு பட்டைய விட்டு, மிசினு குதிரை வேகத்துல ஓடறப்ப தார்ப்பாய தோள்ல தாங்கிட்டே திருப்பறாரு, மூலையில மட்டும் நிறுத்தி, சக்கரத்த கையால சுத்தி, எண்ணி நாலு தையல் பின்னாடி முன்னாடி. தோள்பட்டைக்கு பழைய கார் சீட் பெல்ட்டு. சுமக்கறதுக்கு மட்டுமுங்க, அந்த பெல்ட்ட பாறையில கட்டற பேச்சே கெடையாது.

பங்குனி பொறந்ததும் ஏழு மணிக்கே கல்லு சுட ஆரம்பிச்சுருச்சு, கையில வேர்த்து வழுக்குது, கரட்ட மூட்டை கட்டிட்டோம். பாக்கி வேலை இன்னும் கெடக்குது. செம்மண்ணுல எண்ணெய் போட்ட செயினு அரைச்ச மாதிரி தேஞ்சு போச்சு, ஸ்டீல் ஸ்கேல வெச்சு பன்னெண்டு இஞ்சு பாத்தா கடைசிப் பின்னு அரைக்கால் இஞ்சு தள்ளி நிக்குது, அந்தளவுக்குப் போனா பின்சக்கரத்துப் பல்லுச் சக்கரங்க, அதாவது கேசட்டும் சேத்துத்தான் மாத்தோணும். புது செயின பெட்ரோல்ல கழுவி, உருக்குன மெழுகுல முக்கிப் போடலாம்னு இருக்கோம், மெழுகு தூசிய இழுக்காது. பங்காளியோட பின்சக்கரத்து ஃப்ரீஹப்பு மிதிக்கறப்ப கடகடன்னு ஒரு சத்தம் போடுது, உள்ள பல்லுல மாட்டற கொக்கியா ஸ்பிரிங்கான்னு தெரியல, மாப்ள ஞாயித்துக்கெழமை பிரிக்கலாம்னு சொல்லியிருக்காரு.